செல்பேசிக்கு அடையாள எண்: மோசடிக்குக் கடிவாளமா, கண்காணிப்புக்கு வாசலா?

புது தில்லி: புதிய செல்பேசிகள் அனைத்திலும் "சஞ்சார் சாத்தி" செயலியைக் கட்டாயமாக நிறுவ வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-இல் பிறப்பித்த உத்தரவு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. செயலியின் வசதிகளை முடக்கவோ குறைக்கவோ கூடாது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. மக்களை வேவு பார்க்கும் முயற்சி இது என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. விரும்பாதவர்கள் செயலியை நீக்கிக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கமளித்தார். எதிர்ப்பு அடங்கவில்லை. டிசம்பர் 3-இல் கட்டாயம் என்ற நிபந்தனையையே அரசு திரும்பப் பெற்றது.

உத்தரவு போனாலும் அது எழுப்பிய கேள்வி போகவில்லை. மோசடிக்காரர் கையில் உள்ள கருவியை அடையாளம் காணாமல் செயலிகள் வழியே நடக்கும் மோசடியைத் தடுப்பது கடினம். அதே சமயம், கருவியை அடையாளம் காண உதவும் வழி, அதை வைத்திருப்பவரைப் பின்தொடரவும் உதவும். இந்த இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதே கேள்வி.

பிரச்னையின் அளவு சிறியதல்ல. இணையவழிக் குற்றங்களால் 2023-இல் மக்கள் இழந்த தொகை ரூ. 7,465 கோடி. அடுத்த ஆண்டிலேயே இது ரூ. 22,845 கோடியாக உயர்ந்ததாக நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. மறுபுறம், யுபிஐ மூலம் நடைபெறும் பணப் பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் முதல் முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைக் கடந்தது. பெட்டிக்கடை முதல் பெருங்கோயில் வரை பணம் செல்பேசி வழியே நகரும்போது திருடனும் அதே வழியில்தான் வருகிறான்.

தில்லியில் விதிகளாகவும் அறிவிக்கைகளாகவும் தெரியும் இந்த விவகாரத்தின் எல்லா முகங்களையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால், தமிழக எல்லையை ஒட்டிய பழைய சித்தூர் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 4-இல் இது பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. செல்பேசிகள் உற்பத்தியாவதும், யாத்ரிகர் கூட்டத்தில் அவை தொலைவதும், தரிசனச் சீட்டின் பெயரால் செல்பேசி வழியே பக்தர்கள் ஏமாற்றப்படுவதும் இப்பகுதியில்தான்.

ஸ்ரீசிட்டியில் தொடங்கும் கதை

சென்னைக்கு வடக்கே, சத்தியவேட்டை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2015-இல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், அங்குள்ள ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் தயாரான ஷாவ்மி நிறுவனத்தின் "ரெட்மி 2 பிரைம்" செல்பேசியை அப்போதைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் முன்னிலையில் அந்நிறுவனம் வெளியிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்துகளில் வந்து செல்லும் இளம் பெண்களே அங்கு பணிபுரிவோரில் பெரும்பாலோர். பின்னர் 2017-இல் திருப்பதி விமான நிலையப் பகுதியில் அமைந்த மின்னணு உற்பத்தித் தொகுப்பில் செல்கான் நிறுவனமும் செல்பேசித் தயாரிப்பைத் தொடங்கியது.

தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே ஒவ்வொரு செல்பேசியிலும் 15 இலக்க எண் ஒன்று பதிக்கப்படுகிறது. ஐஎம்இஐ எனப்படும் இதன் முதல் 8 இலக்கங்கள் அது எந்த நிறுவனத்தின் எந்த வகைக் கருவி என்பதைக் காட்டுகின்றன. அடுத்த 6 இலக்கங்கள் வரிசை எண். கடைசி இலக்கம், முந்தைய இலக்கங்கள் சரியாக உள்ளனவா என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் செல்பேசிக்கு இரண்டு எண்கள் உண்டு. செல்பேசியில் *#06# என்று அழுத்தினால் அவற்றை யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணில் அரசு காட்டிய அக்கறை மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய காலத்தில் வலுத்தது. முறையான ஐஎம்இஐ இல்லாத செல்பேசிகளுக்கு 2009 நவம்பர் 30 நள்ளிரவுக்குப் பிறகு இணைப்பு தரக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மலிவு விலையில் அத்தகைய செல்பேசிகளை அறியாமல் வாங்கியிருந்த சாதாரண மக்களே அதனால் அலைக்கழிந்தனர். கட்டணம் பெற்றுக்கொண்டு எண்ணைப் பதித்துத் தரும் ஏற்பாடும் அப்போது செய்யப்பட்டது.

அடுத்த கட்டமாக, ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது குற்றம் என்று 2017 ஆகஸ்டில் விதிகள் அறிவிக்கப்பட்டன. இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு செல்பேசியின் எண்ணையும் முதல் விற்பனைக்கு முன்பே அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி, அடையாள எண்ணைத் திருத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

தொலைந்ததும் கிடைத்ததும்

இந்த எண்ணால் மக்களுக்கு நேரடியாகக் கிடைத்த நன்மை, தொலைந்த செல்பேசியை மீட்கும் வசதி. சிஇஐஆர் எனப்படும் மத்தியக் கருவி அடையாளப் பதிவேடு 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லிக்கு வந்தது. 2023 மே மாதம் "சஞ்சார் சாத்தி" இணையதளத்தின் வழியே நாடு முழுவதும் விரிந்தது.

செல்பேசியைப் பறிகொடுத்தவர் காவல் துறையில் புகார் அளித்து, ஐஎம்இஐ எண்ணை இதில் பதிவு செய்தால் எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் அக்கருவி இயங்காது. அதில் வேறு சிம் அட்டையைப் பொருத்தினால் அந்த விவரம் காவல் துறைக்குச் செல்லும். சித்தூர், திருப்பதி மாவட்டக் காவல் துறைகள் வாட்ஸ்ஆப் மூலம் புகார் பெறும் முறையை அறிமுகம் செய்தன. திருப்பதியில் அதற்கு "மொபைல் ஹன்ட்" என்று பெயர். மீட்கப்பட்ட செல்பேசிகளை வரிசையாக அடுக்கி வைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உரியவர்களிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சிகள் அங்கு வழக்கமாகிவிட்டன. புரட்டாசி சனிக்கிழமைகளில் தமிழகத்திலிருந்து திரளும் கூட்டத்தில் செல்பேசியைத் தவறவிட்ட ஒருவருக்கு, அது ஊருக்குத் திரும்பிய பிறகும் கிடைக்கும் வாய்ப்பு முன்பு கனவாகவே இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீட்கப்படும் செல்பேசியை அதுவரை வைத்திருந்தவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர். பழைய செல்பேசிக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கூலித் தொழிலாளிக்கும் கல்லூரி மாணவருக்கும் அது திருட்டுப் பொருள் என்பது காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த பிறகே தெரியும். பொருளும் போய், கொடுத்த பணமும் போய்விடும். 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள், பழைய செல்பேசிகளை வாங்கி விற்போர் அரசின் பட்டியலில் எண்ணைச் சரிபார்த்த பிறகே வணிகம் செய்ய வேண்டும் என்கின்றன. இது தெருமுனைக் கடை வரை நடைமுறைக்கு வந்தால்தான் வாங்குபவர் தப்புவார்.

செயலிகளின் வழி வேறு

செல்பேசி நிறுவனங்களுக்குத் தெரியும் ஐஎம்இஐ, செல்பேசியில் உள்ள சாதாரணச் செயலிகளுக்குத் தெரியாது. முன்பு ஆண்ட்ராய்டு செயலிகள் பயனரின் அனுமதி பெற்று இதைப் படிக்க முடிந்தது. விளம்பர நிறுவனங்கள் இதைக் கொண்டு மக்களைத் தொடர்ந்து கண்காணித்ததால், 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 பதிப்பில் கூகுள் இவ்வழியை அடைத்தது. ஐபோனின் நிரந்தர எண்ணைப் படிக்கும் செயலிகளை ஏற்பதில்லை என்று ஆப்பிள் 2013-லேயே அறிவித்துவிட்டது.

எனவே, செயலிகள் வேறு தடயங்களைத் திரட்டுகின்றன. கருவியின் வகை, திரையின் அளவு, இயங்குதளப் பதிப்பு, மொழி, நேர மண்டலம், எழுத்துருக்கள் போன்ற விவரங்கள் தனித்தனியே எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கைரேகையைப் போல ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பெருமளவு பிரித்தறிய முடிகிறது. ஒரே கருவியிலிருந்து நூறு பேர் பெயரில் கணக்குத் தொடங்குவதையும், செல்பேசியைப் போல நடிக்கும் கணினி மென்பொருளையும் நிறுவனங்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

பணப் பரிமாற்றச் செயலிகளில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். யுபிஐ செயலியில் பதிவு செய்யும்போது, அச்செல்பேசியிலிருந்தே வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகச் செல்கிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை வங்கிக் கணக்கில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, சிம் அட்டையும் கருவியும் கணக்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. ரகசிய எண் திருடனுக்குத் தெரிந்துவிட்டாலும், அவன் தன் செல்பேசியிலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது.

இந்தப் பூட்டுக்கும் கள்ளச்சாவி செய்துவிட்டனர். திருமண அழைப்பிதழ், வங்கிப் படிவம் என்ற பெயரில் வரும் கோப்பைத் திறந்தால், செல்பேசியில் உளவுச் செயலி புகுந்து குறுஞ்செய்திகளை மோசடிக்காரருக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்றொரு உத்தி இன்னும் எளிது. பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, "இதைக் குறிப்பிட்ட எண்ணுக்கு அனுப்புங்கள், பணம் திரும்பக் கிடைக்கும்" என்பார்கள். நம்பி அனுப்பினால், மோசடிக்காரரின் செல்பேசி அவரது கணக்கோடு பிணைக்கப்பட்டுவிடும்.

தரிசனச் சீட்டில் தரகர்கள்

திருமலையில் ஏழுமலையான் கோயிலுக்குள் செல்பேசிக்கு அனுமதியில்லை. ஆனால், ரூ. 300 சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டை இணையம் வழியேதான் முன்பதிவு செய்ய வேண்டும். மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில் வெளியிடப்படும் இச்சீட்டுகள் மிக விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஆர்ஜித சேவைகள் பலவற்றுக்கு மின்னணுக் குலுக்கல் முறை உள்ளது.

பற்றாக்குறை உள்ள இடத்தில் தரகர் முளைப்பார். முதலில் வருபவருக்கே சீட்டு என்றால், விரல்களைவிட வேகமாக இயங்கும் மென்பொருள் லாபம் தரும். குலுக்கல் என்றால், ஒரே ஆள் பல பெயர்களில் பதிவு செய்வது லாபம் தரும். இந்த இரண்டையும் கண்டறிய உதவக்கூடிய ஆயுதங்களில் ஒன்றுதான் கருவி அடையாளம்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் பெரிதும் நம்பியது ஆள் அடையாளத்தை. சீட்டு பெறுவோரின் அடையாள அட்டை விவரம் பெறப்பட்டு, நுழைவாயிலில் சரிபார்க்கப்படுகிறது. ஒரே நபர் மீண்டும் மீண்டும் டோக்கன் பெறுவதையும் தங்கும் அறை ஒதுக்கீட்டில் நடக்கும் முறைகேட்டையும் தடுக்க, 2023 மார்ச் 1 முதல் முக அடையாளத் தொழில்நுட்பமும் பரிசோதனை முறையில் கொண்டுவரப்பட்டது. இதனால் தரகர்களுக்கு நெருக்கடி ஏற்பட்டது உண்மை. ஆனால், ஒரு சிலரின் முறைகேட்டைத் தடுக்க லட்சக்கணக்கான பக்தர்களின் முகத்தைப் பதிவு செய்வது, கருவியை மட்டும் அறிவதைவிட எவ்வளவு பெரிய தகவல் சேகரிப்பு என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எந்த அடையாளமும் தடுக்க முடியாத மோசடி வேறொன்று. தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய 40 போலி இணையதளங்கள் மீது புகார் அளிக்கப்பட்டிருந்த நிலையில், 2023 ஏப்ரலில் 41-ஆவது தளம் மீது வழக்குப் பதிவானது. அதிகாரபூர்வ முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் சிறு கோடு போட்டதுதான் அந்தத் தளத்தின் தந்திரம். அங்கே பணம் கட்டும் பக்தர் தனது சொந்தச் செல்பேசியில், தனது சொந்தக் கணக்கிலிருந்துதான் கட்டுகிறார். கருவி சரி, சிம் சரி, ஆளும் சரி. ஏமாற்றம் மட்டும் நிஜம். காவல் துறை அதிகாரிபோல் காணொலியில் தோன்றி மிரட்டும் "டிஜிட்டல் கைது" மோசடியும் இந்த வகைதான்.

எண்ணும் பொய் சொல்லும்

ஐஎம்இஐயை மாற்ற முடியாது என்ற எண்ணமும் தவறு. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் 2020-இல் நடந்த விசாரணையில், 13,000-க்கும் மேற்பட்ட செல்பேசிகள் ஒரே எண்ணில் இயங்குவது தெரியவந்து, வழக்குப் பதிவு செய்யப்பட்டது. அந்த எண்ணுடைய ஒருவர் குற்றம் செய்தால், மற்ற ஆயிரக்கணக்கானோரும் சந்தேகத்துக்கு உரியவர்களாவார்கள்.

செயலிகள் எடுக்கும் கைரேகையிலும் இதே ஆபத்து உண்டு. வீட்டுக்கு ஒரே செல்பேசியைத் தாயும் மகனும் பயன்படுத்தினால், "ஒரே கருவியில் இரண்டு கணக்கு" என்று இயந்திரம் ஐயுறும். பழைய செல்பேசியை வாங்கியவர் மீது முந்தைய உரிமையாளரின் கறை ஒட்டிக்கொள்ளும். பழைய இயங்குதளத்தில் ஓடும் மலிவுக் கருவியைப் பாதுகாப்பற்றது என்று சில செயலிகள் தள்ளிவிடும். வசதியுள்ளவர் புதுச் செல்பேசி வாங்கித் தப்பிவிடுவார். தவறே செய்யாத ஏழைக்கு முறையிட வழியில்லை.

ஆப்பிள் - ஊபர் மோதல் தந்த பாடம்

அமெரிக்காவில் இப்பிரச்னை ஒரு மோதலாகவே வெடித்தது. சீனாவில் ஊபர் ஓட்டுநர்கள் சிலர், தகவல் அழிக்கப்பட்ட திருட்டு ஐபோன்களை வாங்கி, பல போலிக் கணக்குகளைத் தொடங்கி, தாங்களே பயணம் பதிவு செய்து ஊக்கத்தொகை பெற்றனர். இதைத் தடுக்க, தகவல்களை முழுதாக அழித்த பின்னரும் ஒரு ஐபோனை அடையாளம் காட்டும் நிரலை ஊபர் தனது செயலியில் ரகசியமாகச் சேர்த்தது. ஆப்பிளின் விதிகளுக்கு இது எதிரானது. அதன் தலைமையகம் உள்ள பகுதியில் மட்டும் நிரல் தெரியாதபடி ஊபர் ஏற்பாடு செய்திருந்தது. விஷயம் வெளிப்பட, 2015 தொடக்கத்தில் ஊபர் தலைவர் டிராவிஸ் கலானிக்கை ஆப்பிள் தலைவர் டிம் குக் நேரில் அழைத்து எச்சரித்ததாக "நியூயார்க் டைம்ஸ்" நாளிதழ் 2017 ஏப்ரலில் செய்தி வெளியிட்டது.

ஊபரின் நோக்கம் நியாயமானது, வழிதான் தவறானது. அந்த நியாயமான தேவைக்கு 2017-இல் ஆப்பிள் வேறொரு விடை தந்தது. ஒவ்வொரு கருவி குறித்தும் ஒரு செயலி நிறுவனம் இரண்டே இரண்டு குறிகளை ஆப்பிளிடம் பதிந்து வைக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் "ஆம்", "இல்லை" என்ற இரண்டே பொருள்கள். இக்கருவியில் சலுகை ஏற்கெனவே பெறப்பட்டதா, இக்கருவியில் மோசடி நடந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செல்பேசியின் தகவல்களை அழித்தாலும் குறி அழியாது. ஆனால், அது யாருடைய கருவி, எங்கே இருக்கிறது, வேறு என்ன செயலிகள் அதில் உள்ளன என்பது எதுவும் அந்தக் குறிகளில் இல்லை.

மோசடியைத் தடுக்கத் தேவைப்படும் தகவல் உண்மையில் எவ்வளவு சிறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. "இந்தக் கருவி முன்பு ஏமாற்றியதா" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "இந்தக் கருவி யாருடையது, அவர் எங்கே போகிறார்" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தேடுவதாகச் சொல்லி இரண்டாவதற்கான விடையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் நிறுவனங்களும் அரசுகளும் செய்யும் தவறு.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் தரப்பட்டது. செல்பேசி எண்ணுடன் ஆதாரைக் கட்டாயமாக இணைப்பதை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு செல்லாததாக்கியது. சஞ்சார் சாத்தி உத்தரவையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொலைந்த செல்பேசியை முடக்க விரும்புபவர் இணையதளத்திலேயே அதைச் செய்ய முடியும்போது, எல்லோருடைய செல்பேசியிலும் நீக்க முடியாத ஒரு செயலி எதற்கு என்ற கேள்விக்கு அரசிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை.

கட்டாயச் செயலி போனாலும் மற்ற விதிகள் உள்ளன. 2025 அக்டோபர் திருத்தம், செல்பேசி எண்ணைக் கொண்டு வாடிக்கையாளரை அடையாளம் காணும் எந்த நிறுவனத்தையும் தொலைத்தொடர்புத் துறையின் ஆணை வரம்புக்குள் கொண்டுவந்தது. வங்கி, உணவு விநியோகச் செயலி, கோயில் முன்பதிவுத் தளம் என எதுவும் இதில் அடங்கக்கூடும். பொது நலன் கருதி, முன்னறிவிப்பு இன்றியே ஒரு எண்ணின் பயன்பாட்டை நிறுத்தவும் இடமுண்டு. சிம் அட்டை கருவியில் இருந்தால் மட்டுமே வாட்ஸ்ஆப், டெலிகிராம் போன்ற செயலிகள் இயங்க வேண்டும் என்றும் 2025 நவம்பர் 28-இல் உத்தரவிடப்பட்டு, 90 நாள் அவகாசம் தரப்பட்டது. பணப் பரிமாற்றங்களில் கருவியின் தன்மை, இருப்பிடம், பயனரின் வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு ஆபத்தை மதிப்பிட ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் இடமளித்தன. அவற்றை நிறைவேற்ற 2026 ஏப்ரல் 1 கெடு நாளாக நிர்ணயிக்கப்பட்டது.

இத்தனை அதிகாரங்களுக்கும் எதிர்முனையில் இருக்க வேண்டிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது. பூட்டுக்கு முன்பே சாவிகள் விநியோகிக்கப்பட்ட கதை இது.

இந்த விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை. உறுப்பினர்கள் அங்கு கேட்க வேண்டியவை மூன்று. கருவி பற்றித் திரட்டும் தகவலை மோசடித் தடுப்புக்கு அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற தடை விதியிலேயே எழுதப்படுமா? ஒரு கருவியோ எண்ணோ முடக்கப்பட்டால் அதற்கான காரணத்தை உரியவரிடம் தெரிவித்து, குறிப்பிட்ட நாள்களுக்குள் முறையீட்டை விசாரிக்கும் அமைப்பு மாவட்ட அளவில் ஏற்படுத்தப்படுமா? மோசடி நடக்காத கருவிகளின் பதிவுகள் எத்தனை நாளில் அழிக்கப்படும்?

இணையவழியில் பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணம் கைமாறுவதை நிறுத்த முயற்சி நடக்கிறது. தவறாகச் சந்தேகிக்கப்பட்டு, தனது செல்பேசியோ வங்கிச் செயலியோ முடக்கப்பட்ட ஒருவர் எந்த எண்ணை அழைப்பார்? 15 இலக்கங்களைக் கொண்டு திருடனைப் பிடிக்கத் தெரிந்த நிர்வாகம், நிரபராதியை விடுவிக்கும் வழியையும் அதே விதியில் எழுதினால்தான் இந்த அடையாள எண்ணை மக்கள் நம்பி ஏற்பார்கள்.